வீட்டில் கட்டிய புல்லட் கஃபே ரேசர்: கோளாறு எங்கே, எப்படித் தேடுவது

என்னுடையது பழைய 350 புல்லட். காஸ்ட் அயர்ன் என்ஜின், பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை மூடித் திறந்து பிளக்கில் பொறி வர வைக்கும் கான்டாக்ட்), வலது காலில் கியர், இடது காலில் பிரேக். வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி, பதினான்கு மாதம் உட்கார்ந்து கஃபே ரேசராக (தாழ்ந்த ஹேண்டில், பின்னுக்குத் தள்ளிய கால்மிதி என்று பழைய பந்தய வண்டித் தோற்றத்துக்கு) மாற்றினேன். அதற்குப் பிறகு இதே மாதிரி கட்டிய நண்பர்களின் வண்டிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தார்ப்பாய்க்குக் கீழே வர ஆரம்பித்தன.

வருகிற கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரு பத்துக்குள்தான். பெரும்பாலும் அவை என்ஜினில் இருப்பதில்லை. நாம் வெட்டினது, நகர்த்தினது, அழகுக்காக மாற்றினது, அதில்தான் இருக்கும். அதனால் எந்த வண்டி வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "கடைசியா எதுல கை வச்ச?" என்பதுதான்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்டர் பல்பு, ஃபீலர் கேஜ், நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு பிளக், பேட்டரியில் இருந்து நேராக இழுக்க இரண்டு மீட்டர் வயர்.

உதைத்தால் உயிரே இல்லை

பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா, புதிதாகப் போட்ட கில் சுவிட்ச் 'ஆன்' பக்கம் இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். நானே இருபது நிமிடம் உதைத்துவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அம்மீட்டர், அதாவது பேட்டரியில் கரண்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் மீட்டர். சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷரை (வால்வைக் கொஞ்சம் திறந்து கம்ப்ரஷனை விடும் லிவர்) பிடித்துக்கொண்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய வேண்டும், திறக்கும்போது நடுவுக்கு வர வேண்டும். இந்த ஒரு அசைவு பாதி வேலையை முடித்துவிடும். கஃபே ரேசர் கட்டுகிறவர்கள் முதலில் கழற்றி எறிவது அம்மீட்டர் உட்கார்ந்திருக்கும் ஹெட்லைட் டூமைத்தான். டூம் போகட்டும், அம்மீட்டரை சீட்டுக்கு அடியிலாவது வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் டெஸ்டர் பல்பின் ஒரு முனையைப் பாயிண்ட் டெர்மினலிலும் மறுமுனையை எர்த்திலும் வையுங்கள். பாயிண்ட் திறந்தால் எரியும், மூடினால் அணையும்.

*முள் அசையவே இல்லை என்றால்:* கரண்ட் பாயிண்டுக்கு வரவில்லை, அல்லது பாயிண்ட் முகத்தில் அழுக்கு. பியூஸ், சாவி சுவிட்ச், கில் சுவிட்ச், கனெக்டர் என்று பேட்டரியில் இருந்து வரிசையாக டெஸ்டரை வைத்துக்கொண்டே வாருங்கள். அவசரத்துக்கு பேட்டரியில் இருந்து காயிலுக்கு நேர் வயர் கொடுத்துப் பாருங்கள். வண்டி பிடித்துக்கொண்டால் கோளாறு நீங்கள் போட்ட வயரிங்கில் இருக்கிறது. நேரடி வயரை அப்படியே விட்டுவிட்டு ஓட்டாதீர்கள். சாவியால் என்ஜினை நிறுத்தவும் முடியாது, காயிலும் வெந்துபோகும்.

*முள் சாய்ந்தபடியே நிற்கிறது என்றால்:* பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது பாயிண்ட் டெர்மினலில் இருக்கும் சின்ன இன்சுலேஷன் வாஷரை மாற்றிப் போட்டதில் நேரே எர்த் ஆகிறது. புது பாயிண்ட் செட் போட்ட அன்று வருகிற கோளாறு இது. இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கலாம். ஃபீலர் கேஜ் இல்லாதபோது மெக்கானிக்குகள் விசிட்டிங் கார்டைச் சொருகிப் பார்ப்பார்கள். வீடு வந்து சேர அது போதும்.

*முள் சரியாக ஆடுகிறது, பிளக்கில் பொறி இல்லை என்றால்:* தெரிந்த பிளக்கை மாற்றுங்கள் (இடைவெளி 0.5 மி.மீ.). அப்புறம் பிளக் கேப், அப்புறம் கண்டென்சர் (பாயிண்ட் முகத்தில் பொறி பறக்காமல் காக்கும் சின்ன உருளை). பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு இருட்டில் உதைக்கச் சொல்லிப் பாருங்கள். பாயிண்ட் முகத்தில் நீலமாகப் பளிச்சென்று பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. கடைசியாகத்தான் காயில். 12 வோல்ட் காயிலின் பிரைமரி 3, 4 ஓம் அளவில் காட்ட வேண்டும்.

*பொறி இருக்கிறது, பிளக் நனைந்திருக்கிறது என்றால்:* பெட்ரோல் அதிகமாகிவிட்டது. காக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, டீகம்ப்ரஷரைப் பிடித்துப் பத்து முறை உதைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் இறங்கவில்லை. ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றுங்கள். பழைய டேங்க் என்றால் அடியில் துரு வண்டலாக நிற்கும்.

*கிக்கர் திருப்பி அடிக்கிறது என்றால்:* உடனே நிறுத்துங்கள், கணுக்கால் போகும். டைமிங் முன்னால் போயிருக்கிறது, இல்லாவிட்டால் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்துத் திறந்தபடி நிற்கின்றன. எடைகளை விரலால் விரித்து விட்டால் ஸ்ப்ரிங் தானாக இழுத்துக்கொள்ள வேண்டும். முழு ரிட்டார்டில் (எடைகள் முழுக்க மூடிய நிலையில்) பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் பாயிண்டில் வைத்து இழுத்துக்கொண்டே பார்த்தால், அது விடுபடும் நொடிதான் திறக்கும் நொடி.

*கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் கீழே விழுகிறது என்றால்:* ஹெட் போய்விட்டது என்று பயப்படுவதற்கு முன் டீகம்ப்ரஷர் கேபிளைப் பாருங்கள். கிளிப்-ஆன் ஹேண்டில் (ஃபோர்க் குழாயிலேயே கவ்வும் தாழ்ந்த ஹேண்டில்) போட்டதும் கேபிள் வளைந்து இழுபட்டு, வால்வைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கும். அது இல்லை என்றால் டேப்பட் (வால்வு இடைவெளி). என்ஜின் ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வும் மூடிய நிலையில் புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதுவும் சரியாக இருந்தும் கம்ப்ரஷன் இல்லையா? வால்வு, ரிங், போர். ஹெட்டை லேத்துக்காரரிடம் கொண்டுபோக வேண்டிய இடம் இது.

சோக் போட்டால்தான் ஓடுகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் 'படபட'வென வெடிக்கிறது

ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு கார்புரேட்டரின் வாயிலேயே கூம்பு ஃபில்டரை மாட்டியிருப்பீர்கள். சைலன்சரும் குட்டையாகியிருக்கும். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய அளவிலேயே இருக்கிறது. இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் அதை இன்னும் கொஞ்சம் வறட்சியாக்கும்.

ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) வாங்க ஓடாதீர்கள். முதலில் காற்று கசிகிறதா என்று பார்ப்போம். என்ஜின் ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டர் ஃபிளான்ஜ் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே கசிவு. சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். நட்டை இறுக்கி இறுக்கி ஃபிளான்ஜ் வில்லாக வளைந்திருப்பதுதான் வழக்கமான காரணம். கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்தால் சமமாகிவிடும். கேஸ்கெட்டை மாற்றுங்கள், மேலும் இறுக்காதீர்கள்.

ஹெட்டில் பெண்ட் பைப் (சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) சேரும் இடத்தில் கருப்புப் புகைத்தடம் இருக்கிறதா? ஆக்சிலேட்டரை மூடும்போது மட்டும் வெடிக்கிறது என்றால் பாதி வண்டிகளில் காரணம் அந்தக் கசிவுதான்.

இரண்டும் சரி என்றால் இனி ஜெட். பிடியிலும் சுவிட்ச் பெட்டியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கோட்டில் திணறுகிறதோ அந்த இடத்தில் சோக்கைப் பாதி ஏற்றிப் பாருங்கள். வண்டி தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் மோசமானால் அதிகம்.

ஐடிலில் இருந்து கால் கோட்டுக்குள் திணறினால் ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். முழுக்க உள்ளே போயும் தீரவில்லை என்றால் பைலட் ஜெட்டில் ஒரு எண் பெரியது. நடுவில் திணறினால் நீடில்: கிளிப்பை ஒரு காடி கீழே போட்டால் நீடில் மேலே ஏறும், பெட்ரோல் கூடும். முக்கால் கோட்டுக்கு மேல் என்றால் மெயின் ஜெட், ஒவ்வொரு எண்ணாக மட்டும். ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது தீர்த்தது, எது கெடுத்தது என்று ஒருநாளும் தெரியாது.

கடைசியில் ஆளில்லாத நீண்ட சாலையில் முழு ஆக்சிலேட்டரில் போய், கில் சுவிட்சை அணைத்து, அதே நொடியில் கிளட்சைப் பிடித்து ஓரம் ஒதுங்கிப் பிளக்கைக் கழற்றுங்கள். டீயில் நனைத்த பிஸ்கட் நிறம் நல்லது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் ஓட்டவே கூடாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மேட்டில் ஏறும்போது என்ஜினுக்குள் கோலி குண்டு உருளுவது போலச் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். ஜெட்டை ஏற்றியும் அந்தச் சத்தம் போகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

என்னைக் கேட்டால், தினமும் ஓட்டுகிற வண்டிக்குக் கூம்பு ஃபில்டரே வேண்டாம். ஐப்பசி மழையில் ஒரு நாள் நனைந்தால் புரியும்.

பதினைந்து நிமிடம் ஓடி நிற்கிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

அதிக நேரத்தையும் காசையும் தின்கிற கோளாறு இது. ஏனென்றால் இரண்டு வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வரும். பிரித்தறிய ஒரு வழிதான்: நின்ற இடத்தில், நின்ற நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால் ஆதாரம் ஆறிப்போயிருக்கும்.

நின்றதும் இறங்கி, டேங்க் மூடியில் காதை வைத்துக்கொண்டு அதைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் விஷயம் முடிந்தது. மூடியில் காற்று போகும் துளை அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் இறங்குவதே நின்றுவிடும். சும்மா நிறுத்தி வைத்தால் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், பத்து நிமிடத்தில் மறுபடி ஓடும்.

சத்தம் வரவில்லை என்றால் உடனே பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து உதைத்துப் பாருங்கள். (கோளாறு தேடும் நாட்களில் இரண்டாவது பிளக்கைத் தயாராகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. சூடான பிளக் கையைச் சுடும்.) பொறி இல்லை, அல்லது மஞ்சளாக, நோஞ்சானாக வருகிறது என்றால் சூட்டில் படுக்கிற கண்டென்சர் அல்லது காயில். பொறி நன்றாக நீலமாக இருந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள்: குழாயைக் கார்புரேட்டரில் இருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். நூலாக இறங்கினால் காக்கில் வலை அடைத்திருக்கிறது, அல்லது எத்தனால் பெட்ரோலில் குழாய் உள்பக்கம் ஊதிச் சுருங்கியிருக்கிறது. குழாயை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். டேங்குக்கு அழகாக ஒரு பளபள மூடியை மாட்டினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டினால் நிற்கும். கண்டென்சரை மூன்று முறை மாற்றினேன். காயிலை மாற்றினேன். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். நான்காவது வாரம் டீக்கடைக்கு எதிரே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் போய், "அண்ணே, ஒரு பத்து ஸ்பானர் இருக்குமா?" என்று கேட்டேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "ஸ்பானர் எதுக்கு தம்பி, மூடியைத் திற" என்றார். திறந்தேன். 'உஸ்'. மூடி கசிகிறது என்று நானே சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டிருந்தேன். காற்றுத் துளையின் மேலேயே. அவர் செருப்பில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்குவது போல ஒரு ஆணியை எடுத்து, அதில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

காயில்தான் என்று உறுதியானால், மாற்றுவதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வயரை ஒளிக்கிறேன் என்று டேங்குக்கு அடியில், ஹெட்டுக்கு நேர் மேலே கட்டியிருந்தால் எத்தனை காயில் வாங்கினாலும் வேகத்தான் செய்யும். காற்று படும் இடத்துக்கு நகர்த்துங்கள். பழைய சாமான் சந்தையில் கண்டென்சர் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டூம், மட்கார்டு, ஹப் என்று இரும்புச் சாமான்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை போல வராது. மின்சாரச் சாமான் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

ஹேண்டிலைத் திருப்பினால் என்ஜின் தானாக உறுமுகிறது

ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. கேபிளை வேறு வழியாக விடுங்கள், தேவைப்பட்டால் சரியான நீளத்தில் புதிது போடுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் ஐடில் மாறக் கூடாது, கட்டைவிரல் டேங்கில் நசுங்கக் கூடாது. இது சரியாகும் வரை தெருமுனைக்குக்கூட எடுத்துப் போக வேண்டாம்.

லைட் மங்குகிறது, ஹாரன் அடித்தால் என்ஜின் திணறுகிறது, பியூஸ் போகிறது

ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் செய்தீர்களா? அப்படியென்றால் எர்த். அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை என்ஜின் போல்ட்டிலும், அப்புறம் ஹெட்லைட்டின் எர்த்திலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. போல்ட் உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டு, பேட்டரியில் இருந்து என்ஜினுக்குத் தனியாக ஒரு தடித்த எர்த் வயர் போடுங்கள். இதை மட்டும் செய்து திருப்பி அனுப்பிய வண்டிகள் நிறைய. ஆனால் சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த்தாக இருக்கும். வயரைத் தொடுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பியூஸ் ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் போனால் ஸ்டியரிங் கழுத்தில் வயர் நசுங்குகிறது. மேடு பள்ளத்தில் மட்டும் போனால் சீட்டுக்கு அடியில் ஏதோ வயர் ஃபிரேமில் உரசுகிறது. அங்கே ஸ்பாஞ்சு வைத்துச் சமாளிக்காமல் வயரை வெளியே எடுத்துப் பாருங்கள்.

சார்ஜ் ஏறுகிறதா? நின்றிருக்கும்போது பேட்டரி 12.6, கொஞ்சம் முடுக்கினால் 13.5 முதல் 14.5 வரை. ஏறவே இல்லை என்றால் கனெக்டர், ரெக்டிஃபையர், கடைசியில் ஸ்டேட்டர் காயில். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. குட்டி பேட்டரியைச் சீட்டுக்கு அடியில் அடைத்தவர்கள் ரெகுலேட்டரை உடனே மாற்ற வேண்டும். ஸ்டேட்டரைத் திரும்பச் சுற்றுவது ரீவைண்டிங் கடைக்காரர் வேலை.

கீழே ஆயில் குளம்

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் ஆயில் மெல்ல கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். முதல் உதையில் பிரீதர் (என்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் குழாய்) வழியாகக் கக்கும், வெள்ளையாகப் புகையும். அடி டிரெயின் நட்டைத் திறந்து வடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடுகிற வண்டியில் மூடிகளின் ஓரமெல்லாம் கசிந்தால் பிரீதர் குழாயை எங்கே விட்டீர்கள் என்று பாருங்கள். மடங்கியிருந்தாலும் அடைத்திருந்தாலும் ஆயில் வேறு வழி தேடும். பின் டயருக்கு மேலே அதை விட்டுவிடாதீர்கள்.

எழுபதைத் தாண்டினால் ஹேண்டில் ஆடுகிறது

டயர் காற்று, ஸ்போக்ஸ், ஆக்சில் நட்டு: இந்த மூன்றும் ஐந்து நிமிட வேலை. ஸ்போக்ஸை ஸ்பானரால் தட்டிக்கொண்டே வாருங்கள், 'டொக்' என்று செத்த சத்தம் வருவது தளர்ந்தது. பிறகு நூல் பிடித்து முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். செயின் அட்ஜஸ்டர் கோடுகளை நம்ப வேண்டாம்.

முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்றால் கோன் செட் (ஸ்டியரிங் பேரிங்) தளர்வு. ஹேண்டில் நேர் நடுவில் பள்ளத்தில் விழுவது போல நின்றால் பால் ரேஸ் குழிந்துவிட்டது, புதிது போடுங்கள். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது அசைந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆடுகிறதா? பின்னால் உயரமான ஷாக் போட்டு, முன்னால் இறக்கியிருப்பீர்கள். தோரணை நன்றாகத்தான் இருக்கும், முன் ஃபோர்க் செங்குத்தாகி நிலைப்பு குறைந்துவிடும். பழைய நீள ஷாக்கை மாட்டிப் பாருங்கள். புல்லட்டில் ஃபோர்க் குழாய்கள் மேலே டூமிலேயே திருகப்பட்டிருக்கும். டூமை எடுத்தவர்கள் லேத்தில் மேல் பிளேட் போட்டிருப்பார்கள். அதன் துளைகள் துளி விலகினாலும் ஃபோர்க் இறுகிப் பிடிக்கும். அப்புறமும் தீராவிட்டால் ஃபிரேம் வளைவு பார்க்கிற ஆளிடம் போங்கள்.

ரியர் செட் போட்டபின் கியர் குழம்புகிறது, பிரேக் பிடிக்கவில்லை

பழைய நான்கு கியர் புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்றவை கீழே. ரியர் செட் (பின்னுக்குத் தள்ளிய கால்மிதியும் லிவர்களும்) போடும்போது கியர் லிவரைத் திருப்பிப் போட்டால் அது தலைகீழாகும். அது கோளாறு இல்லை, கால்தான் பழக வேண்டும். ஆனால் இணைப்புத் தண்டின் முனைகளில் ஆட்டம் இருந்தால் நியூட்ரல் கிடைக்காமல் போகும்.

பிரேக்கில் பார்க்க வேண்டியது கோணம். பெடலை முழுக்க அழுத்தியபோது டிரம்மின் கை, தண்டுக்குச் செங்குத்தாக வர வேண்டும், அதைத் தாண்டிவிட்டால் பலம் போய்விடும். குட்டையான பெடல் போட்டிருந்தாலும் அப்படித்தான். லைனிங் மாற்றுவது அதற்கப்புறம். பெடல் அச்சை ஃபிரேமில் பற்றவைத்திருந்தால் அந்த வெல்டிங்கை நல்ல வெல்டர் ஒருவரிடம் காட்டாமல் சாலைக்கு வர வேண்டாம்.

வெல்டிங்கில் விரிசல், ஆர்.டி.ஓ. திருப்பி அனுப்பினார்

சீட் பிராக்கெட்டிலோ நம்பர் பிளேட் கம்பியிலோ விரிசல் என்றால் அதிர்வு. ரப்பர் வாஷர் வையுங்கள். ஷாக்கின் மேல் மவுண்ட் பக்கத்தில் மயிரிழை விரிசல் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஃபிரேமை அந்த மவுண்ட்டுக்குப் பின்னால் மட்டும்தான் வெட்டலாம். முன்னால் வெட்டியதை மேலே ஒரு பட்டை வைத்துப் பற்றவைத்துக் காப்பாற்ற முடியாது, வேறு ஃபிரேம்தான். எங்கே வெல்டிங் செய்தாலும் முதலில் பேட்டரி வயரையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தில் இருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் கழற்றின மட்கார்டு, டூம், சைலன்சர், ஹேண்டில் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அவற்றை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். வெட்டின ஃபிரேமுக்கு அந்த வழி இல்லை.

பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது சேஸிஸ் நம்பர் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுங்கள். ஆய்வாளர் அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்ப்பார். பூச்சு குழிகளை நிரப்பியிருந்தால் தாளில் எதுவும் விழாது. என் வண்டிக்கு விழவில்லை. தின்னரும் பல்தேய்க்கும் பிரஷுமாக அலுவலக வாசலிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுரண்டினேன்.